ஏர் கன் கோளாறா? அறிகுறி பார்த்துக் கைவைக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் பரணிலோ மர பீரோவின் அடித்தட்டிலோ கிடக்கும் ஏர் கன்னை எடுத்து நாலு குண்டு சுட்டுப் பார்த்ததும், "ஸ்பிரிங் போச்சு" என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். பெரும்பாலும் ஸ்பிரிங் போயிருக்காது. துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், பிரீச்சில் (குண்டு போடும் குழலின் பின்வாய்) இருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் அமுங்கியிருக்கும், இல்லையென்றால் யாரோ உள்ளே எண்ணெய் விட்டிருப்பார்கள். காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கக்கூடிய காரணத்தை முதலில் பாருங்கள். பிரித்தால்தான் தெரியும் என்கிற காரணத்தைக் கடைசிக்கு வையுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசைதான்.

இது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் 4.5 மி.மீ. (0.177 அங்குல) ரகத்துக்கு மட்டும். சிலிண்டரில் காற்றடைத்துச் சுடும் பிசிபி ரகத்துக்கு வேறு கணக்கு. அதில் இந்த வேலைகளைச் செய்யப் போகாதீர்கள்.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அட்டைக் குறியைச் சுடத்தான் அது. கொக்கு, கவுதாரி, முயல், மயில் எதன்மேல் சுட்டாலும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு. நம் பக்கத்திலேயே வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் மிரளும் என்று ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் காக்கும் பறவையின் மேல் பக்கத்து ஊரில் குறிவைப்பது எந்த வகையிலும் சரியில்லை.

கைவைக்கும் முன்

துப்பாக்கி ஏற்றிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். குழலை மெல்ல மடக்கும்போது முதலிலிருந்தே ஸ்பிரிங் எதிர்த்தால் ஏற்றவில்லை என்று பொருள். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று மடங்கினால் பிஸ்டன் பின்னால் கொக்கியில் மாட்டி நிற்கலாம். சேஃப்டியை நம்பாதீர்கள், அது ட்ரிகரைத்தான் தடுக்கும். தேய்ந்த கொக்கியைத் தடுக்காது.

குண்டு போடும்போது மடக்கிய குழலை ஒரு கை விடாமல் இறுகப் பிடித்திருக்க வேண்டும். கொக்கி வழுக்கினால் குழல் அறைந்து மூடும். பிரீச்சில் இருக்கும் விரல் நசுங்கும், நுனி துண்டாகவும் செய்யும். குழந்தைகளிடம் கொடுக்கும்போது குண்டு போடுகிற வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டில்லாமல் சுடாதீர்கள். குண்டு இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தையாக நிற்கும். இல்லையென்றால் பிஸ்டன் இரும்பில் நேராக மோதும். பிஸ்டன் முனையிலுள்ள வாஷர் பிளந்துபோகும், ஸ்பிரிங்கும் சீக்கிரம் உடையும்.

சோதனைக்கு 10 மீட்டர் போதும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேராக ஓடும் செட்டிநாட்டு வீட்டில் அந்த நீளம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சுவரை நோக்கிச் சுடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ஒரு குண்டு பட்டால் காசளவு பெயர்ந்துவிடும், அதே மெருகில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. ஒன்றரை அடி ஆழமுள்ள அட்டைப்பெட்டியில் பழைய வேட்டி, சேலைகளை இறுக்கித் திணித்து, பின்னால் ஓர் இரும்புத் தகடு வையுங்கள். குண்டு துணியிலேயே நின்றுவிடும். தகட்டை மட்டும் தனியாக வைத்தால் குண்டு சிதறித் திரும்பி வரும். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். பெட்டிக்குப் பின்னால் கதவு, வாசல், நடைபாதை எதுவும் இருக்கக் கூடாது.

குண்டு பரவி விழுகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. 10 மீட்டரில் ஒரே இடத்தைக் குறிவைத்து 5 குண்டு சுடுங்கள். சாதாரணத் துப்பாக்கியில் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் கோளாறு இல்லை, பழக்கம்தான் வேண்டும். உள்ளங்கையளவு சிதறினால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் ஸ்க்ரூ. கட்டையின் முன்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொன்று, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் உதறுவதால் இவை தானாகக் கழலும். சித்திரை வெயிலில் கட்டை சுருங்கி, ஐப்பசி மழையில் ஊதுவதால் நம் ஊரில் இன்னும் சீக்கிரம் தளரும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரோ ஆலன் கீயோ கொண்டு இறுக்குங்கள். கைக்கு நின்றதும் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் மரம் நசுங்கிக் குழிவிழும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஏற்கெனவே குழிவிழுந்திருந்தால் ஸ்க்ரூ தலைக்கடியில் மெல்லிய வாஷர் ஒன்று வையுங்கள். திரும்பத் திரும்பக் கழன்றால் மரையைத் துடைத்து எண்ணெய்ப் பசை நீக்கி, நீல நிறத் திரெட் லாக்கர் (மரையைப் பிடித்து நிறுத்தும் பசை) ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டாம்; சூடு காட்டினால்தான் கழலும்.

அடுத்தது குழல் மடங்கும் இடம். மூடிய குழலின் நுனியைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். கடுகளவு ஆட்டம் இருந்தாலும் குண்டு ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குப் போகும். அச்சு போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். சரியாக இறுகிய குழல், மடக்கி விட்டால் தன் எடையில் தொப்பென்று விழாமல் நின்ற இடத்தில் நிற்கும். போல்ட்டுக்குப் பதில் வெறும் பின் இருக்கும் மலிவு ரகங்களில் இறுக்க வழியில்லை. பக்கத்தில் மெல்லிய ஷிம் வாஷர் வைக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டும் சரி என்றால் பிடிக்கும் முறையைப் பாருங்கள். ரைபிளை இறுகப் பிடித்துத் தோளில் அழுத்திச் சுடுவது நெருப்புத் துப்பாக்கிக்குப் பொருந்தலாம். ஸ்பிரிங் ஏர் கன்னில் குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே பிஸ்டனின் உதறல் தொடங்கிவிடுகிறது. நீங்கள் ஒருமுறை இறுக்கமாகவும் ஒருமுறை தளர்வாகவும் பிடித்தால் உதறல் மாறும், குண்டும் மாறும். இடது உள்ளங்கையை விரித்து, ட்ரிகர் கார்டுக்குச் சற்று முன்னால் கட்டையைச் சும்மா தாங்குங்கள், விரல்களால் கவ்வாதீர்கள். தோளில் தொட்டும் தொடாததுமாக வையுங்கள். சுட்டபின் அரை நொடி அசையாமல் குறியையே பாருங்கள். மேசை, திண்ணைத் தூண், மணல்மூட்டை எதன் மேலும் கட்டையை நேராகச் சாய்க்கக் கூடாது. நடுவில் உங்கள் கை இருக்க வேண்டும். இதை மாற்றியதும் பாதிப்பேருக்குத் துப்பாக்கி 'சரியாகிவிடும்'.

பிறகு குண்டு. ஒரே டப்பாவிலேயே பாவாடை (குண்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கியது, விளிம்பு மடங்கியது கலந்திருக்கும். வெள்ளைத்தாளில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். பிரீச்சில் வைக்கும்போது தானாக உள்ளே விழுந்தால் அந்தக் குண்டு சிறிது; பெருவிரலால் நன்றாக அழுத்தியும் ஏறவில்லையென்றால் பெரிது. லேசாக அழுத்தினால் விளிம்போடு சமமாக உட்காருவதுதான் சரி. தலை விட்டம் 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று நூறில் ஒரு பங்கு வேறுபாட்டோடு விற்பார்கள். சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கிக்கு 7 முதல் 8.5 கிரெயின், அதாவது ஏறத்தாழ 0.45 முதல் 0.55 கிராம் எடையில் தட்டைத் தலை, உருண்டைத் தலை இரண்டையும் வாங்கிச் சோதியுங்கள். 10 மீட்டருக்குள் தட்டைத் தலை அட்டையில் சுத்தமாக வட்டம் வெட்டும். கூர்முனை வேகமாகப் போகும் என்று நினைத்து வாங்குவது வீண். பெரும்பாலும் அதுதான் அதிகம் பரவும். சைக்கிள் கடை பால்ரஸ் குண்டைப் போடவே போடாதீர்கள், குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளத்தை எஃகு குண்டு தேய்த்து அழித்துவிடும்.

குண்டை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது ஈயம், உடலில் சேரும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கைவைக்க வேண்டும்.

குழல் அழுக்கால் பரவுவதும் உண்டு, முக்கியமாக நம் செம்மண் புழுதியில். இரும்புக் கம்பி விட்டுத் துடைக்காதீர்கள். தூண்டில் நரம்பை இரண்டாக மடித்து, பிரீச் பக்கமிருந்து விட்டு வாய்ப்பக்கம் இழுக்கும்படி, மடிப்பில் 2 செ.மீ. அகலப் பருத்தித் துணி கோத்து இழுங்கள். முதல் துணி கறுப்பாக வரும், மூன்று நான்காவது சாம்பல் நிறமாக வந்தால் நிறுத்திவிடலாம். பளிச்சென்று வெள்ளையாக வர வேண்டும் என்று தேய்த்தால் குழல் ஈயப்பூச்சு இழந்து, மறுபடி பத்திருபது குண்டு சுட்ட பிறகுதான் குறி நிலைக்கும்.

கடைசியாகக் குழல் வாய். பஞ்சு சுற்றிய காது குடையும் குச்சியை வாயின் உள்விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஏதாவது ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் காற்று அந்தப் பக்கம் முன்னதாகக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும். துப்பாக்கியை வாய் தரையில் படச் சுவரோரம் சாய்த்து வைப்பதால் வருவது இது. பட்டறையில் பித்தளை உருண்டையும் மெருகுப் பசையும் வைத்துச் சரிசெய்வார்கள். அரத்தால் ராவ விடாதீர்கள்.

சேர்ந்துதான் விழுகிறது, ஆனால் வேறிடத்தில்

இது கோளாறு இல்லை, சைட்டை (குறிபார்க்கும் முனை) திருத்த வேண்டும். பின் சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்துங்கள். முன் சைட்டை நகர்த்தினால் அதற்கு எதிர். எவ்வளவு என்பதற்கும் கணக்குண்டு: இரு சைட்டுக்கும் இடையே 450 மி.மீ. இருந்து, 10 மீட்டரில் குண்டு 20 மி.மீ. தள்ளி விழுந்தால், 20 × 450 ÷ 10,000 = 0.9 மி.மீ. நகர்த்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்மதிப்பில் தட்டித் தட்டி நகர்த்துபவர்கள் இடவலமாக அலைவது இதனால்தான்.

ஸ்கோப் போட்டவர்களின் புகார் வேறு: "பத்து கிளிக் திருப்பினேன், அசையவே இல்லை." கால் எம்ஓஏ (கோண அளவு) கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 10 மீட்டரில் அதே கிளிக் 0.7 மி.மீ. மட்டுமே. 20 மி.மீ. நகர 28 கிளிக் வேண்டும். ஸ்கோப் வேலை செய்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மேலே திருப்பித் திருப்பி முடிவுக்கு வந்தும் குண்டு கீழேயே விழுந்தால், குழல் ஸ்கோப் தண்டவாளத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. மடக்கும் துப்பாக்கிகளில் இது சகஜம். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் பின் வளையத்தின் அடிப்பாதியில் பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டு ஒன்று வெட்டி வையுங்கள். இரு வளையத்துக்கும் நடுவே 100 மி.மீ. இருந்தால் 0.2 மி.மீ. பிலிம் ஒன்றே 10 மீட்டரில் 20 மி.மீ. தூக்கிவிடும். இரண்டு துண்டுக்கு மேல் வேண்டியிருந்தால் ஸ்கோப் குழாய் வளையும். சரிவு திருத்தும் மவுண்ட் (ஸ்கோப்பைத் தண்டவாளத்தில் பிடித்து நிறுத்தும் பிடி) வாங்கிவிடுங்கள்.

தினம் ஒரு பக்கம் போகிறதென்றால் மவுண்ட் வழுக்குகிறது. மவுண்டுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டு 20 குண்டு சுடுங்கள், கோட்டுக்கும் மவுண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தெரிந்துவிடும். தண்டவாளத்தையும் மவுண்ட் பல்லையும் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து இறுக்குங்கள், தண்டவாளத்தில் தடுப்புத் துளை இருந்தால் மவுண்டின் தடுப்புப் பின்னை அதில் இறக்குங்கள். மவுண்ட் நகரவில்லை, ஆனாலும் குறி மாறுகிறதென்றால் ஸ்கோப்பின் உள்ளே உடைந்திருக்கும். பின்னால் மட்டுமே உதைக்கும் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப், ஸ்பிரிங் துப்பாக்கியின் முன் உதறலைத் தாங்காது. ஸ்கோப்பின் அட்டைப்பெட்டியில் 'ஏர் கன்' என்று போட்டதைப் பார்த்து வாங்குங்கள்.

வேகம் குறைந்துவிட்டது

முதலில் உண்மையிலேயே குறைந்ததா என்று அளந்து பாருங்கள். சத்தத்தை வைத்து வேகம் கணிக்கும் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன, ஓரளவு நம்பலாம். அதுவும் இல்லையென்றால் துணி சோப்புக் கட்டியைப் பெட்டிக்கு முன்னால் வைத்து 5 மீட்டரிலிருந்து சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தீக்குச்சி விட்டு அளந்து எழுதி வையுங்கள். துப்பாக்கி நன்றாக இருக்கும்போதே இந்த அளவு ஒன்றை எடுத்துவைத்தால் பிற்பாடு அதே சோப்பு, அதே குண்டில் ஒப்பிடலாம். வேகம் தெரிந்தால் ஆற்றலும் தெரியும்: 0.53 கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10.6 ஜூல்.

குறைந்திருந்தால் சந்தேகம் முதலில் பிரீச் சீலான ஓ-ரிங் மேல் போக வேண்டும். மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு விரல் அகலத் துண்டு கிழித்து, மூடிய குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் வைத்துக் குண்டு போட்டுச் சுடுங்கள். தாள் எழும்பிப் பறந்தால் காற்று அங்கே வெளியேறுகிறது. ஓ-ரிங்கை ஊசியால் நெம்பி எடுங்கள். பள்ளம் கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மரக்குச்சி கூர்செய்து எடுத்தால் இன்னும் நல்லது. உள்விட்டமும் தடிமனும் வெர்னியரில் அளந்து, ஹைட்ராலிக் உதிரிபாகக் கடையில் அதே அளவு கேளுங்கள். உடனே கிடைக்கவில்லையென்றால் பழைய ரிங்கின் அடியில் தபால் அட்டையில் வளையமாக வெட்டி வைத்து உயர்த்தலாம். ரிங் இரும்பு முகத்தைவிட மயிரிழை எழும்பி நிற்க வேண்டும். நிறைய எழும்பினால் குழல் மூடாது, ரிங் வெட்டுப்படும்.

தாள் அசையவில்லையென்றால் பிஸ்டன் வாஷர். பழைய இந்தியத் துப்பாக்கிகளில் தோல் வாஷர்தான். வருடக்கணக்கில் கிடந்தால் தோல் காய்ந்து சுருங்கும், சைக்கிள் பம்பின் வாஷர் காய்ந்தால் காற்று பின்னால் வழிவதைப் போலத்தான் இதுவும். பிரீச் திறந்து, சிலிண்டர் முகத்தில் தெரியும் காற்றுத் துளை வழியாக 3 சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டு, துப்பாக்கியைக் கட்டையின் அடி தரையில் படும்படி இரவு முழுக்க நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். மறுநாள் 10 குண்டு சுட்டுவிட்டுத் திரும்ப அளக்கவும். நைலான், பாலியூரித்தேன் வாஷர் உள்ள புது ரகத்தில் இது வேண்டாம். அதில் வேகம் குறைந்தால் வாஷர் கிழிந்திருக்கும், எண்ணெய் விட்டுப் பலனில்லை.

இதற்கும் பிறகுதான் ஸ்பிரிங். மடக்கும்போது நடுவில் 'கரக்' என்று தட்டுவது, முன்பைவிட எளிதாக மடங்குவது, சுட்டபின் நரம்பு அதிர்வதுபோல் நீண்ட ரீங்காரம் கேட்பது உடைந்த அல்லது வளைந்த ஸ்பிரிங்கின் அடையாளம். ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் சுடாமல் வைத்தால் ஸ்பிரிங் தளரும். புது ஸ்பிரிங் முதல் சில நூறு குண்டில் சற்றுக் குறுகுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்பிரிங்கை மாற்றுவது வீட்டில் செய்கிற வேலையில்லை, ஸ்பிரிங் கம்ப்ரசர் இருந்தால் ஒழிய. ஏற்றாத நிலையிலேயே உள்ளே அது பல சென்டிமீட்டர் அமுக்கப்பட்டு நிற்கிறது. பின்மூடியின் கடைசி பின்னைத் தட்டிய நொடியில் மூடி தெறித்துப் போகும், முகத்துக்கு நேரே இருந்தால் கண் போகும். பட்டறையில் கொடுத்தால் பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை மூன்றும் பொருந்துவதையே போடச் சொல்லுங்கள். கனமான ஸ்பிரிங் போட்டு 'பவர் ஏற்றித்' தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உதறல் கூடும், குறி கெடும், 20 ஜூலைத் தாண்டினால் உரிமமில்லாத ஆயுதம் ஆகிவிடும்.

புகை, வெடிச்சத்தம், கருகல் நாற்றம்

உள்ளே எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் காற்றை ஒரு நொடியின் சிறுபங்கில் அமுக்கும்போது அந்தக் காற்று கடுமையாகச் சூடேறி, எண்ணெய் ஆவியைப் பற்றவைக்கிறது, டீசல் இன்ஜினில் நடப்பதும் இதே வேலை. புதுத் துப்பாக்கி முதல் 50, 100 குண்டுவரை லேசாகப் புகைவது ஒன்றுமில்லை. தோட்டா வெடித்த மாதிரி சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும், ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு வேகத்தில் போகும்.

காரணம் அநேகமாகத் தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40, அல்லது நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் இரட்டைக் கெடுதல். வெயில் காலத்தில் புகைகிறது; 24 டிகிரிக்குக் கீழே உறையும் குணத்தால் மார்கழி விடியலில் வாஷரைச் சுற்றி வெண்ணெயாக அடைத்துக்கொள்கிறது. பனிக்காலத்தில் மட்டும் மடக்கக் கனக்கிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டு, குழலைத் துணியால் உலர இழுத்து, காற்றுத் துளையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, 8 கிரெயினுக்குக் குறையாத குண்டு 30, 40 சுடுங்கள். புகை குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டால் போதும். நிற்கவில்லையென்றால் சிலிண்டருக்குள் நிறையத் தேங்கியிருக்கிறது, பிரித்துத் துடைத்துத்தான் ஆக வேண்டும். பிரிக்கும்போது ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் பக்கவாட்டுக்கும் மாலிப்டினம் கிரீஸ் விரலில் தொட்டு மெல்லப் பூசச் சொல்லுங்கள்; வாஷருக்கு முன்னால் ஒரு துளியும் போகக் கூடாது. சிலிகான் எண்ணெய் வாஷருக்கு மட்டும். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அது தாங்காது.

மடக்கினால் நிற்கவில்லை, அல்லது தட்டினால் சுடுகிறது

இதில் வீட்டு வைத்தியம் கிடையாது.

மடக்கியும் 'கிளிக்' கேட்காவிட்டால் முதலில் முழுத்தூரம் மடக்கினீர்களா என்று பாருங்கள். பாதியில் விட்டால் கொக்கி மாட்டாது, தானியங்கி சேஃப்டியும் வெளியே வராது. முழுக்க மடக்கியும் நிற்கவில்லையென்றால் கொக்கி முனை தேய்ந்திருக்கும். சோதனைக்கு: குண்டு போட்டு, பெட்டியை நோக்கிப் பிடித்து, ட்ரிகரில் விரல் வைக்காமல், கட்டையின் அடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். சுட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கியை அன்றே ஒதுக்கிவையுங்கள். ட்ரிகர் லேசாக வேண்டும் என்று கொக்கியை ராவியதால் வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கொக்கியின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தியிருக்கும், அதை ராவிவிட்டால் அடியிலுள்ள மெதுவான இரும்பு சில நூறு குண்டில் மழுங்கிவிடும். புதுக் கொக்கி போடுவது ஒன்றே வழி. ட்ரிகரைத் திருத்த ஸ்க்ரூ உள்ள ரகமென்றால் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு திருப்பலுக்கும் இந்தத் தட்டுச் சோதனையைச் செய்யுங்கள்.

மடக்க மட்டும் கனமாக, கரகரவென்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அச்சிலும் மடக்கும் கை உரசும் பள்ளத்திலும் புழுதி. துடைத்துவிட்டுக் கிரீஸ் தொட்டு வையுங்கள்.

குண்டு குழலுக்குள் சிக்கியது

மேலே இன்னொன்று போட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள். குழலைத் திறந்து, துப்பாக்கி ஏற்றிய நிலையிலிருந்தால் இன்னொருவர் மடக்கிய குழலை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்ள, 4 மி.மீ. பித்தளைக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டுப் பிரீச் வழியாகத் தள்ளுங்கள். பிரீச் அருகே சிக்கியிருந்தால் ஒரு தட்டில் வந்துவிடும். நடுக்குழலில் நின்றால் காற்று போதவில்லை என்று பொருள், மேலே சொன்ன வேகக்குறைவுச் சோதனைக்குப் போங்கள்.

துரு

ஐப்பசி, கார்த்திகை ஈரமும் பங்குனி, சித்திரை வியர்வையும் சேர்ந்து செய்கிற வேலை. கிழக்கே தொண்டிக் கடல் உப்பையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதே அங்கே ஒரு முழுப் பிரிவின் வேலை. அவர்கள் சொல்லும் அடிப்படை நமக்கும் பொருந்தும்: ஈரமும் உப்பும் சேர்ந்து இரும்பில் தங்கவிடக் கூடாது.

உறைக்குள் போட்டு வைப்பதுதான் பெரிய தப்பு. ரெக்சின், ஸ்பாஞ்சு உறை ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டிவைக்கும். அந்த உறையின் தையல் வரிசையிலேயே புள்ளி புள்ளியாகத் துரு எழும்பியிருப்பதைப் பார்க்கலாம். உறை வெளியே கொண்டுபோக மட்டும். வீட்டில் உள்ளறை மர பீரோவில் வெறுமனே, ஏற்றாமல், குண்டு டப்பாவை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். முற்றத்துத் தூவானம் படும் பட்டாலையில் மாட்டி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நீல நிறம் போய் இளஞ்சிவப்பானால் வறுத்துத் திரும்பப் போடலாம். சுட்டு முடித்ததும் கைபட்ட இரும்பையெல்லாம் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது வெளிப்புறத்துக்கு மட்டும்.

பிடித்துவிட்ட மேல்துருவுக்கு மிக மெல்லிய நான்கு-சுழி (0000) ஸ்டீல் ஊல் கொஞ்சம் எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல், குழலின் நீளவாக்கில் தேயுங்கள். உப்புத்தாள் போட்டால் நீலப்பூச்சும் சேர்ந்து போகும். குழலுக்குள்ளேயே துரு குழிவிழுந்திருந்தால், துணி இழுக்கும்போது ஒரே இடத்தில் தடைபடும், அங்கே துணியும் செம்பழுப்பாக வரும். அந்தக் குழலைச் சுத்தம் செய்து மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பழைய துப்பாக்கியென்றால் குழலின் விலைக்கும் புதிதின் விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பட்டறைக்குக் கொண்டுபோவதானால் ஏற்றாத நிலையில், குழல் திறந்திருக்கத் துணியில் சுற்றி, வாங்கிய ரசீதோடு கொண்டுபோங்கள். "சரியா சுடலை" என்று மட்டும் சொல்லாமல், 5 குண்டு சுட்ட அட்டை, டிஷ்யூ தாள் பறந்ததா இல்லையா, சோப்பில் இறங்கிய ஆழம், எந்த எண்ணெய் எப்போது விட்டது என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். தேவையில்லாமல் ஸ்பிரிங்கைக் கழற்ற மாட்டார்கள்.